கரித்துணிக்கு எந்தத் துணி?

மலையில் மழை பிடித்துக்கொண்டால் மூலையில் கிடக்கும் தையல் மிஷினுக்கு எண்ணெய் விடத் தோன்றும் போலிருக்கிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சமையலறைத் துணிகளைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஆறாக்கியிருக்கிறேன்.

கேள்வி: சுற்றுலா வருபவர்களுக்கான கடை ஒன்றில், சூடான பாத்திரம் பிடிக்கப் பஞ்சு வைத்த பிடிதுணி ஒன்றை 180 ரூபாய்க்கு வாங்கினேன். தோசைக்கல்லைப் பிடித்தபோது ஓரம் உருகிக் கல்லிலேயே ஒட்டிக்கொண்டது. இனி நானே தைக்கலாம் என்று இருக்கிறேன். என்ன துணி, எவ்வளவு வாங்க வேண்டும்? (வாசகி, குன்னூர்)

உங்கள் கல்லில் ஒட்டியது பாலியஸ்டர். எனக்கும் இது நடந்திருக்கிறது. ஸ்ட்ராபெரிப் படம் போட்ட கையுறை ஒன்று வீட்டுக்கு அன்பளிப்பாக வந்தது. மேல் துணி நல்ல பருத்தி. உள்ளே இருந்ததோ தலையணைக்கு அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சு. வாணலியை இறக்கி வைப்பதற்குள் கட்டைவிரல் பக்கம் பஞ்சு இளகி உட்கார்ந்துவிட்டது. விரலும் பழுத்தது. அன்றைக்கு எங்கள் பாட்டியின் கரித்துணியை நினைத்துக்கொண்டேன். பழைய வேட்டியை நாலாய் மடித்தது, பார்க்க அழுக்கு, ஆனால் ஒரு நாளும் யார் கையையும் சுட்டதில்லை.

காரணம் எளிது. இரும்புக் கல் நன்றாகக் காய்ந்தால் 200 டிகிரியைத் தாண்டிவிடும். பாலியஸ்டர் ஏறக்குறைய 250, 260 டிகிரியில் உருகும், அதற்கு வெகு முன்பே இளக ஆரம்பிக்கும். பருத்தி உருகாது, கருகும். கருகினால் வாசனை வந்து நம்மை எச்சரிக்கும். உருகினால் தோலோடு ஒட்டும். ஆகவே மேல் துணி, உள்ளே வைப்பது, தைக்கும் நூல் மூன்றும் பருத்தியாக இருக்கட்டும்.

கடையில் ‘காட்டன்தானே?’ என்று கேட்டால் ‘காட்டன் மாதிரிதாங்க’ என்பார்கள். அந்த ‘மாதிரி’யைக் கேட்டதும் உஷாராகிவிடுங்கள். முதலில் கொஞ்சம் மட்டும் வாங்கி வந்து வீட்டில் சோதியுங்கள். நீளவாக்கில் ஓடும் பாவிலிருந்து ஒரு நூல், குறுக்கே ஓடும் ஊடையிலிருந்து ஒரு நூல் என்று தனித்தனியாக உருவிக்கொள்ள வேண்டும், ஒரு பக்கம் மட்டும் கலப்பாக இருக்கும் துணியும் உண்டு. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் சுருண்டு, கறுப்புப் புகை விட்டு, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். சாம்பலுக்குள் மணல் போல நெருடினால் கலப்பு. ஆறுவதற்கு முன் மட்டும் தொட்டுவிடாதீர்கள்.

உள்ளே வைப்பதற்குக் காசு செலவு செய்யாதீர்கள். நைந்த டெர்ரி டவல் இரண்டு மடிப்பு போதும். பழைய கம்பளி கிடைத்தால் இன்னும் நல்லது, சூடு எளிதில் கடக்காது. ஆனால் நம் ஊரில் ஸ்வெட்டர் என்ற பெயரில் விற்பதெல்லாம் கம்பளி அல்ல, நிறைய அக்ரிலிக் என்ற செயற்கை இழை. அதற்கும் அதே நூல் சோதனைதான், முடி கருகும் வாசனை வந்தால் கம்பளி. பழைய ஜீன்ஸ் வைக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பழங்காலத்து முரட்டு ஜீன்ஸ் என்றால் தாராளமாக. இழுத்தால் நீளும் ஜீன்ஸில் லைக்ராவும் பாலியஸ்டரும் கலந்திருக்கும், அது வேண்டாம்.

கணக்கு இப்படி. 44 அங்குலப் பன்னா (அகலத்தைக் கடைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) துணியில் அரை மீட்டர் வாங்கினால், 9 அங்குலச் சதுரமாக எட்டுத் துண்டு வரும், அதாவது நாலு பிடிதுணி. தைத்து முடித்தால் 8 அங்குலம் நிற்கும். ஓரத்தில் மிஞ்சும் பட்டை மாட்டும் வளையத்துக்கு ஆகும். வெட்டுவதற்கு முன் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துவிடுங்கள். புதுப் பருத்தி நூற்றுக்கு மூன்று, நாலு சதவீதம் சுருங்குவது சகஜம், வெளுக்காத முரட்டுப் பருத்தியான காடா துணி அதைவிட அதிகமாகவே சுருங்கும். சதுரத் துணிக்கு ஓரம் கட்ட கிராஸ் பட்டி (துணியை மூலைவாக்கில் வெட்டும் பட்டை) வெட்டி மெனக்கெட வேண்டாம், நேர்ப் பட்டியே போதும். கிராஸ் தேவைப்படுவது வளைவுக்குத்தான். மிஷினில் 16-ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலைக் கொஞ்சம் நீளமாக வையுங்கள். கரூர், ஈரோடு பக்கம் போகிற வேலை இருந்தால் கட் பீஸ் விற்கும் கடைகளை ஒரு நடை பாருங்கள். சமையலறைத் துணிகளை ஏற்றுமதி செய்யும் ஊர் கரூர், அங்கே மிஞ்சுவது நல்ல துணியாக இருக்கும். கிலோக் கணக்கில் வாங்குவதானால் மூட்டையைப் பிரித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இரண்டு போதும் என்று நிறுத்தாமல் நாலு தைக்கச் சொல்வதற்குக் காரணம் நம் ஊர் ஈரம். நனைந்த பிடிதுணியால் பாத்திரத்தைத் தொட்டால் சூடு நொடியில் கைக்கு வந்துவிடும், ஆவியும் அடிக்கும். ஒன்று காயும்போது இன்னொன்று கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: பாத்திரம் துடைக்கும் டவல் இங்கே காய்வதே இல்லை. நாலு நாளில் வாடை, பத்து நாளில் கறுப்புப் புள்ளி. கனமான டவல் வாங்கினால் சரியாகுமா? (உதகமண்டலம்)

கனமாக வாங்குவதுதான் தப்பு. கீழே கோயம்புத்தூரில் இரண்டு மணி நேரத்தில் காயும் டெர்ரி டவல், ஊட்டியில் ஜூலை மாதத்தில் இரண்டு நாள் ஆனாலும் நடுவில் ஜில்லென்று இருக்கும். அந்த ஈரத்தில் வளரும் பூஞ்சைதான் கறுப்புப் புள்ளி. மெல்லிய ஈரிழைத் துண்டு வாங்கி, பாதியாக வெட்டி, வெட்டிய ஓரத்தை மடித்து அடியுங்கள். ஒன்றை விரித்துக் காயப்போட இடம் கொஞ்சம் போதும், அடுப்படிச் சூட்டிலேயே காய்ந்துவிடும்.

புதுத் துண்டு தண்ணீரை உறிஞ்சவில்லையே என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அது கஞ்சி. சலவைச் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு முறை அலசினால் போய்விடும். நாலாவது அலசலுக்குப் பிறகும் தண்ணீர் முத்து முத்தாக மேலேயே நின்றால் அப்போது சண்டைக்குப் போகலாம், அதில் பாலியஸ்டர் இருக்க வாய்ப்பு அதிகம். துணி மென்மைப்படுத்தும் திரவத்தைத் துடைக்கும் துணிக்கு ஊற்றாதீர்கள். நூலின் மேல் மெழுகு போலப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும்.

கேள்வி: கடைகளில் 10 ரூபாய்க்குத் ‘துணிப்பை’ தருகிறார்கள். பூண்டு, உருளைக்கிழங்கு போட்டு வைக்க அதையே வெட்டிச் சின்னப் பைகளாகத் தைக்கலாமா? (மன்னவனூர், கொடைக்கானல்)

அந்தப் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக நூல் தெரிகிறதா, அல்லது சின்னச் சின்னப் புள்ளி அழுத்தங்களா? புள்ளி என்றால் அது நெய்யாத பை, பாலிபுரோப்பிலீன். பிளாஸ்டிக்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் அதுவும் இடம்பெற்றது. வெயில் பட்டால் தூள் தூளாக உதிரும், அந்தத் தூள் பூண்டோடு சேரும். காடா துணியில் தைத்துக்கொள்ளுங்கள். மன்னவனூர்ப் பூண்டுக்குக் காற்று வேண்டும், நெசவு கொஞ்சம் அகலமாக இருக்கும் துணியாகப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் விளம்பரம் பார்த்து, கையில் பிடித்துத் தைக்கும் குட்டி மிஷின் 650 ரூபாய்க்கு வாங்கினேன். ஏப்ரனுக்கு ஓரம் தைத்தேன். நூல் முனையை இழுத்ததும் மொத்தத் தையலும் சரசரவென்று பிரிந்துவிட்டது. திருப்பி எடுத்துக்கொள்ள மறுக்கிறார்கள். (கூடலூர்)

பிரிந்ததில் ஆச்சரியம் இல்லை. வழக்கமான மிஷினில் மேல் நூல், அடியில் இருக்கும் பாபின் நூல் என இரண்டு நூல் ஒன்றையொன்று பூட்டும். இந்தக் குட்டி மிஷின்களில் பெரும்பாலும் ஒரே நூல்தான், அது போடுவது சங்கிலித் தையல். முடிவில் நூலை வளையத்துக்குள் விட்டு முடிச்சுப் போடவில்லை என்றால் அரிசி மூட்டை வாய்த் தையல் போலப் பிரியும். முடிச்சுப் போட்டுப் பாருங்கள், திரைச்சீலை ஓரத்துக்குத் தாங்கும். துவைத்துத் துவைத்துப் போடும் ஏப்ரனுக்குத் தாங்காது.

இனி பணம். விளம்பரத்தில் என்ன சொன்னார்கள் என்பதுதான் முக்கியம். ‘ஜீன்ஸ் வரை தைக்கும்’ என்று போட்டுவிட்டு டவல்கூடத் தைக்கவில்லை என்றால், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருள் அது. அப்படிப்பட்ட பொருளைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று விற்பனையாளர் சொல்ல முடியாது, 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளில் இருக்கிறது. விளம்பரத்தை இப்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு அது இருக்காது. தையல் பிரிவதை வீடியோ எடுங்கள். விற்ற தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே போனால் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 650 ரூபாய்க்காகக் கூடலூரிலிருந்து மலையேறி வருவீர்களா என்பது வேறு கேள்வி. பெரும்பாலும் 1915-க்குப் போனாலே விற்றவர்கள் இறங்கி வருவார்கள் என்பது என் அனுபவம்.

மிஷின் இல்லாமல் ஏப்ரன் தைக்கலாம். 44 அங்குலப் பன்னாவில் ஒரு மீட்டர், ஒரு கை ஊசி. ஊசியை முன்னால் மட்டும் ஓட்டும் ஓட்டுத் தையல் வேண்டாம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பின்னால் வந்து குத்தும் பின் தையல் போடுங்கள். ஒரு மாலை, ஒன்றரை மாலை ஆகும். ஊசிக்கு வெளியே தேட வேண்டியதும் இல்லை, நம் கேத்தியிலேயே ஊசித் தொழிற்சாலை இருக்கிறது.

கேள்வி: நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் எம்பிராய்டரி போட்ட டீ கோசி (டீ பாத்திரம் ஆறாமல் இருக்க மூடும் துணியுறை) ஒன்று வாங்கி வெளியூர் உறவினருக்கு அனுப்ப வேண்டும். கடைக்குக் கடை விலை மாறுகிறது. அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? இல்லை, வெறும் கோசியை நானே தைத்து அந்தப் பூவேலையை ஒட்டிவிடலாமா? (கோத்தகிரி)

திருப்பிப் பாருங்கள். மிஷின் வேலை என்றால் பின்பக்கம் வெள்ளை பாபின் நூல் ஓடும், காகிதம் மாதிரி ஒரு பின்துணி ஒட்டியிருக்கும். தோடர் பெண்கள் எதையும் வரைந்துகொண்டு தைப்பதில்லை, துணியின் இழையை எண்ணி எண்ணித்தான் போடுகிறார்கள். முரட்டு வெள்ளைப் பருத்தி, அதில் சிவப்பும் கறுப்பும். இன்னொன்று, நாம் பின்பக்கம் என்று நினைக்கும் சொரசொரப்பான பக்கம்தான் அவர்களுக்கு முன்பக்கம். இது தெரியாமல் ‘மாற்றித் தைத்துவிட்டார்கள்’ என்று ஒரு பை திருப்பிக் கொடுக்கப்பட்டதை நானே பார்த்திருக்கிறேன். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்த வேலைப்பாடு இது, அச்சடித்த துணியை அந்தப் பெயரில் விற்பது ஏமாற்று.

வெறும் கோசியை நீங்கள் தைத்து, அசல் பூவேலைத் துண்டை வாங்கி மேலே வைத்துத் தைப்பது நல்ல யோசனை. ஒட்ட வேண்டாம், பசை துணியைக் கெடுத்துவிடும். மேலுறையைக் கழற்றித் துவைக்கிற மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கம்பளி வையுங்கள். இதற்கு மட்டும் பாலியஸ்டர் பஞ்சும் பரவாயில்லை, டீ பாத்திரம் 100 டிகிரியைத் தாண்டப் போவதில்லை. அடுப்புப் பக்கம் கொண்டுபோகாமல் இருந்தால் சரி. துண்டுக்கு விலை பேசும்போது மட்டும் ரொம்ப அடித்துப் பேசாதீர்கள், உள்ளங்கை அகலப் பூவுக்கு எத்தனை இழை எண்ண வேண்டும் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: வர்க்கி (நம் ஊர் மொறுமொறு பிஸ்கட்) போட்டு வைக்க அழகாக ஒரு துணிப்பை தைக்கலாம் என்று இருக்கிறேன். எந்தத் துணி நல்லது? (உதகமண்டலம்)

எந்தத் துணியும் வேண்டாம். இந்த ஈரத்தில் மறுநாளே வர்க்கி நமுத்துவிடும். மூடி இறுக்கமான தகர டின்தான். ஆசையாக இருந்தால் டின்னுக்கு உறை தையுங்கள்.