டெக்சாஸில் கடுகு, நியூ மெக்சிகோவில் பச்சை மிளகாய்: ஹாம்பர்கருக்கு எந்த ஊரில் எது?

கேள்வி: "அமெரிக்காவில் ஹாம்பர்கர் என்றாலே கெட்சப்தானே? மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு சாஸ் தடவுகிறார்கள் என்கிறார்களே, உண்மையா? பெரிய கடைகள் வந்தபிறகு எல்லாம் ஒன்றாகிவிடவில்லையா?"

உண்மைதான். ஒன்றாகிவிடவும் இல்லை.

நான் பல வருடங்களாக டல்லாஸ் பக்கம் வசிக்கிறேன். வேலை நிமித்தம் ஓக்லஹோமாவுக்கும் நியூ மெக்சிகோவுக்கும் காரிலேயே போய்வருவேன். வழியில் சாப்பாடு பெரும்பாலும் பர்கர்தான். கேட்டு வாங்கினால் எந்த ஊரிலும் எந்த சாஸும் கிடைக்கும், அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. "ஒரு ஹாம்பர்கர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்று பாருங்கள். அவர்களாகவே எதைத் தடவித் தருகிறார்களோ அதுதான் அந்த ஊரின் சுவை.

டெக்சாஸிலிருந்தே தொடங்குகிறேன். இங்கே அது கடுகு சாஸ். வாட்டாபர்கர் என்ற கடை 1950-இல் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரில் ஹார்மன் டாப்சன் என்பவர் தொடங்கியது. ஐந்து அங்குல அகல பன், உள்ளே கால் பவுண்டு மாட்டுக்கறி, விலை 25 சென்ட். இன்றும் அங்கே எதுவும் சொல்லாமல் பர்கர் வாங்கினால் கடுகு சாஸ், லெட்யூஸ் இலை, தக்காளி, வினிகரில் ஊறிய வெள்ளரி வில்லைகள், பொடியாக நறுக்கிய வெங்காயம் ஆகியவைதான் இருக்கும். கெட்சப் வேண்டுமென்றால் வாய்திறந்து கேட்க வேண்டும். அதே கடையின் கார கெட்சப்பை டெக்சாஸ்காரர்கள் விரும்பித்தான் சாப்பிடுகிறார்கள், ஆனால் உருளைக்கிழங்கு வறுவலோடு. 2019-இல் சிகாகோவைச் சேர்ந்த முதலீட்டு நிறுவனம் ஒன்று இந்தக் கடையின் பெரும்பங்கை வாங்கியபோது, சொந்த வீட்டை விற்றதுபோல இங்கே பலர் வருந்தினார்கள். கடுகு மாறவில்லை.

டெக்சாஸின் கிழக்குப் பகுதியில் ஏதென்ஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஹாம்பர்கர் பிறந்ததே தங்கள் ஊரில்தான் என்பது அவர்கள் வாதம். 1880-களில் ஃபிளெட்சர் டேவிஸ் என்பவர் அங்கே ஒரு கடையில் அதை விற்றார் என்றும், 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார் என்றும் டல்லாஸ் பத்திரிகையாளர் ஃபிராங்க் எக்ஸ். டோல்பர்ட் எழுதினார். இதே உரிமையைக் கோரும் ஊர்கள் இன்னும் பல உண்டு. எது முதல் என்ற சண்டை தீரப்போவதில்லை. எனக்கு அதில் பிடித்த செய்தி வேறு. இன்று அமெரிக்கா முழுக்கப் பிரபலமாக இருக்கும் ஃபிரெஞ்ச்ஸ் மஞ்சள் கடுகு சாஸும் அதே 1904 கண்காட்சியில்தான் அறிமுகமானது.

இந்தக் கடுகு சாஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாயிலேயே இதை ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தப் பளிச்சென்ற நிறத்துக்குக் காரணம் நம் வீட்டு மஞ்சள்தூள்தான். சீசாவின் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் எழுதியிருக்கும். ஆனால் கடுகு நாம் தாளிக்கும் கறுப்புக் கடுகு இல்லை, வெளிர்நிறக் கடுகு. கடுகை ஈரத்தோடு அரைக்கும்போதுதான் அதற்குள் இருக்கும் நொதி வேலை செய்து காரத்தை உண்டாக்குகிறது. எண்ணெயில் பொரியவிட்டால் அந்த நொதி செத்துவிடும். அதனால்தான் தாளித்த கடுகு உறைப்பதில்லை. கறுப்புக் கடுகை அரைத்தால் காரம் ஆவியாகி மூக்கில் ஏறும். வெளிர்நிறக் கடுகின் காரம் அப்படி ஆவியாவதில்லை, நாக்கோடு நின்றுவிடும். அதோடு வினிகரின் புளிப்பு சேர்கிறது. கொழுப்பு உருகி வழியும் கறிக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. கெட்சப்பில் இருக்கும் இனிப்பு, கறியின் உப்பையும் கருகலையும் மூடிவிடுகிறது. கடுகு அதைத் திறந்துவிடுகிறது. இது என் உறுதியான கருத்து. வடகிழக்கு மாநிலங்களில் இருக்கும் நண்பர்கள் சண்டைக்கு வரலாம், பரவாயில்லை.

கடுகின் அருமை முழுதாகத் தெரிய வேண்டுமென்றால் ஓக்லஹோமா போங்கள். ஓக்லஹோமா சிட்டியிலிருந்து மேற்கே அரைமணி நேரத்தில் எல் ரீனோ என்ற ஊர். பழைய ரூட் 66 சாலை அந்த ஊர் வழியாகத்தான் போனது. 1920-களில் ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் வருமானமின்றித் தவித்த காலத்தில், விலை அதிகமான கறியைக் குறைத்து மலிவான வெங்காயத்தை நிறைத்துக் கடைக்காரர்கள் பர்கர் செய்தார்கள் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். ராபர்ட்ஸ் கிரில் என்ற கடை 1926 முதல் இருக்கிறது. ஜானிஸ், சிட்ஸ் என்று இன்னும் இரண்டு கடைகளும் பேர்போனவை.

எந்தக் கடையானாலும் சமைப்பவருக்கு எதிரே உள்ள உயர நாற்காலியில் உட்காருங்கள். கொத்துக்கறியை உருண்டையாகப் பிடித்துச் சூடான இரும்புக் கல்லில் வைப்பார். அதன்மேல் தாள்போல மெல்லியதாகச் சீவிய வெங்காயம் ஒரு கைப்பிடி. கறியைவிட வெங்காயம் அதிகமாக இருக்கிறதே என்று தோன்றும். பிறகு சட்டுவத்தால் உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்துவார். வெங்காயம் கறிக்குள்ளேயே பதிந்துவிடும். புரட்டிப்போட்டதும் வெங்காயம் கல்லைத் தொட்டு, கறியின் கொழுப்பிலேயே வதங்கி ஓரம் கருகத் தொடங்கும். பன்னை அதன்மேல் கவிழ்த்து வைத்துவிடுவார். வெங்காய ஆவியெல்லாம் பன்னில் ஏறி, அது பஞ்சாகிவிடும். வதங்கிய வெங்காயமே போதுமான இனிப்பைக் கொடுத்துவிடுவதால் மேலே கடுகு சாஸ் ஒரு கோடும் இரண்டு வெள்ளரி வில்லையும் தவிர வேறொன்றும் தேவைப்படாது. இந்தப் பர்கரில் கெட்சப் ஊற்றினால் இனிப்பின்மேல் இனிப்பாகித் திகட்டும். எந்த சாஸ் என்பதை அந்த ஊர்க் கல்லும் வெங்காயமும் முடிவு செய்திருக்கின்றன என்பதை எனக்குப் புரியவைத்தது எல் ரீனோதான். மே மாதம் முதல் சனிக்கிழமை அந்த ஊரில் வெங்காய பர்கர் திருவிழாவே நடக்கும். ஊர் நடுவில் ராட்சத பர்கர் ஒன்றைச் செய்து பங்கிட்டுக் கொடுப்பார்கள்.

பெரிய கடைகள் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டன என்று நினைக்கிறவர்கள் மெக்டொனால்ட்ஸைப் பார்க்கலாம். சாதாரண ஹாம்பர்கரில் கெட்சப், கடுகு, வெங்காயம், வெள்ளரி நான்கும் இருப்பதுதான் அவர்கள் வழக்கம். ஆனால் நியூயார்க் வட்டாரத்தில் கடுகை விட்டுவிடுகிறார்கள், அங்கே வாடிக்கையாளர்களுக்குக் கெட்சப் போதும். உலகம் முழுக்க ஒரே சுவை என்று பெயரெடுத்த நிறுவனமே இந்த ஒரு விஷயத்தில் ஊர் சொன்னபடி கேட்டிருக்கிறது.

வடகிழக்கில் கெட்சப்பின் ஆட்சிதான். ஹைன்ஸ் நிறுவனம் 1876-இல் கெட்சப் விற்கத் தொடங்கியது பக்கத்திலுள்ள பிட்ஸ்பர்க் வட்டாரத்தில்தான். ஆனால் அதே வடகிழக்கில், கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவன் நகரில், லூயிஸ் லஞ்ச் என்ற சிறிய செங்கல் கட்டடக் கடையில் கெட்சப்புக்குத் தடை. 1895-இல் தொடங்கிய கடை. 1900-இல் முதல் ஹாம்பர்கரை விற்றது நாங்கள்தான் என்கிறார்கள். பன் கூடக் கிடையாது, வாட்டிய ரொட்டித் துண்டுகள். பழைய வார்ப்பிரும்பு அடுப்பில் கறியைச் செங்குத்தாக நிறுத்திச் சுடுகிறார்கள். சீஸ், வெங்காயம், தக்காளி, இவ்வளவுதான். கெட்சப், கடுகு, மயோனைஸ் எதைக் கேட்டாலும் மரியாதையாக மறுத்துவிடுவார்கள். கறியின் ருசியில் அவ்வளவு நம்பிக்கை. எனக்கு இந்தப் பிடிவாதம் பிடிக்கும்.

தெற்கே இறங்கினால் மயோனைஸ். தென் கரோலினாவின் கிரீன்வில் நகரில் 1917-இல் யூஜீனியா டியூக் என்ற பெண்மணி, அருகிலிருந்த ராணுவ முகாமின் சிப்பாய்களுக்கு சாண்ட்விச் செய்து விற்கத் தொடங்கினார். அவருடைய மயோனைஸ்தான் பிறகு டியூக்ஸ் என்ற பெயரில் தெற்கு முழுக்கப் பரவியது. அதில் சர்க்கரை கிடையாது, புளிப்பு சற்றுத் தூக்கலாக இருக்கும். தென் மாநிலத்துக்காரர்கள் பலர் வேறு மயோனைஸைத் தொடமாட்டார்கள். ஆனாலும் கரோலினா பர்கர் என்று கேட்டால் வருவது இன்னொன்று: மசாலா போட்டு வேகவைத்த கொத்துக்கறிக் குழம்பு, முட்டைக்கோஸ் கோல்ஸ்லா, வெங்காயம், கடுகு. ஒழுகும், சட்டையை நனைக்கும், அருமையாக இருக்கும். மிசிசிப்பியின் கொரிந்த் ஊரில் கறியோடு சோயா மாவு கலந்து பொரித்த ஸ்லக்பர்கர் பெரும் பொருளாதார மந்தக் காலத்திலிருந்து தொடர்கிறது. அதற்கும் கடுகு, வெள்ளரி, வெங்காயம்தான்.

மேற்குக் கடற்கரையில் 'ஸ்ப்ரெட்'. மயோனைஸும் கெட்சப்பும் பொடியாக நறுக்கிய ஊறிய வெள்ளரியும் கலந்த இளஞ்சிவப்பு சாஸ். 1948-இல் பால்ட்வின் பார்க்கில் ஹாரி, எஸ்தர் ஸ்னைடர் தம்பதி தொடங்கிய இன்-என்-அவுட் கடையின் அடையாளமே அதுதான். பிக் மேக் பர்கரின் சாஸும் இதே குடும்பம். அதை 1967-இல் உருவாக்கிய ஜிம் டெலிகாட்டி பென்சில்வேனியாக்காரர் என்றாலும், முன்பு தெற்குக் கலிஃபோர்னியாவில் டிரைவ்-இன் உணவகத்தில் வேலை பார்த்தவர். இன்-என்-அவுட்டில் 'அனிமல் ஸ்டைல்' என்று கேட்டால் கறியின்மேல் கடுகு சாஸைத் தடவி அந்தப் பக்கத்தைக் கல்லில் சுட்டுத் தருவார்கள். 2011-இல் அந்தக் கடை டல்லாஸ் பக்கம் வந்தபோது கார் வரிசை சாலை வரை நின்றது. இங்கே எங்களுக்குள் நடக்கும் வாட்டாபர்கரா, இன்-என்-அவுட்டா என்ற வாக்குவாதத்தில் நான் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். யூட்டாவில் மயோனைஸும் கெட்சப்பும் கலந்த 'ஃபிரை சாஸ்'. சின்சினாட்டியின் ஃபிரிஷ்ஸ் கடையில் மீனுக்கு வைக்கும் டார்ட்டர் சாஸ். மிச்சிகனின் லான்சிங் பக்கம் நறுக்கிய பச்சை ஆலிவ் காய்களை மயோனைஸில் கலந்து வைக்கிறார்கள். விஸ்கான்சினில் வெண்ணெய். மொன்டானாவின் பியூட் நகரில் உடைத்த வேர்க்கடலை. வேர்க்கடலையும் கறியும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாக நியூ மெக்சிகோ. இங்கே நான் கடுகுக் கட்சியை விட்டு விலகிவிடுவேன்.

ஆகஸ்ட் கடைசியில் ரியோ கிராண்டே ஆற்றோரமாக ஹேட்ச் பக்கம் போனால் சாலையோரக் கடைகளில் கம்பிவலை உருளைகள் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குள் மூட்டை மூட்டையாகப் பச்சை மிளகாய்; அடியில் வாயுச் சுவாலை சீறும். தோல் கறுத்து உரிந்து வெடிக்க வெடிக்க, மிளகாய் சுடும் மணம் கார்க் கண்ணாடியை ஏற்றியிருந்தாலும் உள்ளே வந்துவிடும். விரல் நீளத்தைவிடப் பெரிய, சதைப்பற்றான மிளகாய். நாம் சட்னிக்கு அரைக்கும் மிளகாயின் காரம் பெரும்பாலும் இருக்காது. தோலை உரித்து, நறுக்கி, கறியின்மேல் வைத்து, அதன்மேல் சீஸை உருகவிடுவார்கள். புகைவாசம், இலேசான இனிப்பு, பின்னாலேயே வரும் உறைப்பு. மிளகாயின் தாய்நாடே அமெரிக்கக் கண்டம்தான், போர்த்துக்கீசியர்கள் வழியாகத்தான் நமக்கு வந்தது. நம் நாக்குக்கு அந்தப் பர்கர் முதல் வாயிலேயே உறவாகிவிடுகிறது.

சான் அன்டோனியோ என்ற சிற்றூரில் (டெக்சாஸ் நகரம் அல்ல, நியூ மெக்சிகோவில் அதே பெயரில் இருப்பது) ஆவுல் பார் என்ற கடை 1945 முதல் இருக்கிறது. அந்த வருடம் ஜூலை 16 அன்று முதல் அணுகுண்டுச் சோதனை நடந்த டிரினிட்டி திடல் அங்கிருந்து அதிக தூரமில்லை. விஞ்ஞானிகள் அந்தக் கடையில்தான் பச்சை மிளகாய் சீஸ்பர்கர் சாப்பிட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். மாநிலச் சுற்றுலாத் துறையே நல்ல கடைகளைத் தேர்ந்து 'பச்சை மிளகாய் சீஸ்பர்கர் பாதை' என்று பட்டியல் வெளியிட்டிருக்கிறது. "சிவப்பா, பச்சையா?" என்பது அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வமான கேள்வி, எந்த மிளகாய் வேண்டும் என்று பொருள். இரண்டும் வேண்டுமென்றால் "கிறிஸ்துமஸ்" என்று சொல்ல வேண்டும். பர்கருக்குப் பச்சைதான்.

மாட்டிறைச்சி சாப்பிடாத நண்பர்களோடு போகும்போது நாங்கள் செய்வது: பல கடைகளில் கறுப்பு பீன்ஸ் வடையை உள்ளே வைத்துத் தருவார்கள், இல்லாவிட்டால் சீஸ், வதக்கிய வெங்காயம், சுட்ட மிளகாய் மூன்றை மட்டும் பன்னில் வைத்துத் தரச் சொல்வோம். அதுவே தனி உணவாக நிற்கிறது. இரண்டு விஷயங்களை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சில கடைகளில் பச்சை மிளகாயை நறுக்கி அப்படியே வைக்காமல் பன்றிக்கறி சேர்த்த குழம்பாக ஊற்றுவார்கள். கறி சுடும் அதே கல்லில்தான் பெரும்பாலும் வெங்காயத்தையும் வதக்குவார்கள்; தனிக் கடாயில் வதக்கித் தர முடியுமா என்று கேட்டால், கூட்டமில்லாத நேரத்தில் செய்துகொடுப்பார்கள்.