மகளுக்குத் தூக்க ஆய்வகத்தில் இரவு வேலை: சேரலாமா?

ஐயா, வணக்கம்.

மகள் அமெரிக்காவில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் எம்.எஸ். முடித்துவிட்டார், ஒரு பல்கலைக்கழகத்தின் தூக்க ஆய்வகத்தில் இரவு டெக்னாலஜிஸ்ட் வேலை வந்திருக்கிறது, சேரச் சொல்வதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "யாரோ தூங்குவதை விடிய விடிய உட்கார்ந்து பார்க்கவா பேங்க்கில் கடன் வாங்கிப் படிக்க வைத்தோம்?" என்று உங்கள் மனைவி கேட்பதும் புரிகிறது. என் பதில்: சேரட்டும். ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் வேண்டாம். அதுவும், பதிவான தூக்கத்தைப் படித்து மதிப்பிட அங்கே பழக்குவார்கள் என்றால்தான்.

வேலை என்னவென்று தெரிந்தால் பாதிக் கவலை குறையும். ஆய்வில் பங்கேற்பவர் சாயங்காலமே வந்துவிடுவார். மூக்குத்தண்டின் மேல் பள்ளத்திலிருந்து பின்மண்டைப் புடைப்புவரை டேப்பால் அளந்து, அந்த அளவைப் பத்து சதவீதம், இருபது சதவீதம் எனப் பிரித்துத் தலையில் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பேஸ்ட் வைத்து, மூளை அலையைப் பிடிக்கும் எலக்ட்ரோடை ஒட்டி, மின்தடை 5 கிலோ ஓமுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணோரம், மோவாய், கால், நெஞ்சு, மூக்கு, விரல் நுனி என்று இன்னும் பல வயர்கள் உண்டு. அவர் படுத்த பிறகு அடுத்த அறையிலிருந்து மைக்கில், "தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இடமும் வலமும் திருப்புங்கள், பல்லைக் கடியுங்கள், வலது பாதத்தை அசையுங்கள்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்த அசைவு திரையில் அதற்குரிய கோட்டில் தெரிகிறதா என்று சரிபார்த்த பிறகுதான் விளக்கை அணைப்பார்கள்.

அப்புறம்தான் பொறுப்பான பகுதி. இரவு மூன்று மணிக்கு ஒரு எலக்ட்ரோடு கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய் ஒட்டினால் தூங்குகிறவர் விழித்துக்கொள்வார், அந்த விழிப்பே ஆய்வின் கணக்கைக் கெடுத்துவிடும். விட்டுவிட்டால் அந்தச் சேனலில் விடியும்வரை ஒன்றுமே பதிவாகாது. உபரியாக ஒட்டிவைத்த எலக்ட்ரோடுக்கு மாறிக்கொள்ளலாமா, அவர் தானாகப் புரண்டு விழிக்கும்வரை காத்திருக்கலாமா, ஆய்வுத் திட்டம் என்ன சொல்கிறது என்று யோசித்து உங்கள் மகள் அந்த நேரத்திலேயே முடிவெடுக்க வேண்டும். மணி போட்டுக் குறித்தும் வைக்க வேண்டும். உடலின் உள்கடிகாரத்தை ஆராயும் ஆய்வுகளில் கண்டிப்பு இன்னும் அதிகம். பங்கேற்பவர் ஜன்னல் இல்லாத அறையில் நாள்கணக்கில் இருப்பார். கடிகாரம், செல்போன் எதுவும் கிடையாது. வெளிச்சம் பட்டால் இரவில் சுரக்கும் மெலட்டோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு குறைந்துவிடும் என்பதால் மங்கிய விளக்கிலேயே எச்சில் மாதிரி எடுப்பார்கள். உள்ளே போகிற ஊழியர் வாய்தவறிக்கூட 'குட்மார்னிங்' சொல்லக் கூடாது.

கனவுகள் மிகுந்த ரெம் தூக்கம் தெரியவந்ததே இப்படி விழித்திருந்த ஒருவரால்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த யூஜின் அசரின்ஸ்கி, தன் சிறு வயது மகனைத் தூங்கவைத்துக் கண்ணசைவைப் பதிவு செய்தார். அவரும் பேராசிரியர் நத்தேனியல் கிளைட்மனும் 1953-ல் அந்தக் கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். உங்கள் மனைவிக்கு இதைச் சொல்லுங்கள்.

மதிப்பிடக் கற்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இரவுப் பதிவை 30 விநாடித் துண்டுகளாகப் பிரிப்பார்கள். எட்டு மணி நேரத்துக்கு 960 துண்டுகள். ஒவ்வொன்றும் விழிப்பா, லேசான தூக்கமா, ஆழ்ந்த தூக்கமா, ரெம்மா என்று அலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மெதுவான பெரிய அலைகள் ஒரு துண்டில் 20 சதவீதமாவது இருந்தால் அது ஆழ்ந்த தூக்கம். மோவாய்த் தசை தளர்ந்து, கண் மட்டும் வேகமாக ஓடினால் ரெம். எலக்ட்ரோடு ஒட்ட மட்டும் தெரிந்தவர்களுக்கு வாய்ப்பு சுருங்கிக்கொண்டு வருகிறது. தூக்கத்தில் மூச்சடைப்புக்கான பரிசோதனை பலருக்கு வீட்டிலேயே நடக்கிறது, மதிப்பீட்டை மென்பொருளும் செய்கிறது. மென்பொருள் எங்கே தப்பு விடுகிறது என்று காட்டத் தெரிந்தவரைக் கருவி நிறுவனங்களும் விரும்பும், பிஎச்.டி. வழிகாட்டிகளும் விரும்புவார்கள். சிக்னல் படித்த உங்கள் மகளுக்கு இது பொருந்தும். தூக்க ஆய்வு டெக்னாலஜிஸ்டுகளுக்கு ஆர்பிஎஸ்ஜிடி என்ற சான்றிதழ்த் தேர்வும் இருக்கிறது. ஆய்வகத்தில் வேலை பார்த்த இரவுகள் அதற்கான அனுபவக் கணக்கில் சேருமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும்.

இரவு வேலையைவிட என்னை யோசிக்கவைப்பது மணிக்கணக்குதான். இப்படிப்பட்ட வேலை பெரும்பாலும் மணிக்கூலி. பங்கேற்பவர் வராவிட்டால் அன்றைய ஷிஃப்டே ரத்தாகலாம். படிப்பு முடிந்த ஓபிடி-யில், அதாவது மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கத் தரும் தற்காலிக அனுமதியில் இருப்பவர் வாரம் 20 மணி நேரமாவது வேலை பார்க்க வேண்டும். வேலையில்லாத நாள்கள் முதல் வருடத்தில் மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது. அதனால் குறைந்தபட்ச மணி நேரம் எவ்வளவு என்பது ஆஃபர் லெட்டரிலேயே இருக்க வேண்டும், வாய்வார்த்தை போதாது. அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்காரர்களுக்கு அந்த அனுமதியை 24 மாதம் கூட்டித் தரும் ஸ்டெம் நீட்டிப்புக்கு, வேலை கொடுப்பவர் ஈ-வெரிஃபை என்ற அரசின் வேலைத்தகுதிச் சரிபார்ப்பு முறையில் பதிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கல் இல்லை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது சரிதான். ஆனால் குறிப்பிட்ட துறைப் பட்டம் கட்டாயமாகத் தேவைப்படும் பதவிக்குத்தான் எச்-1பி. டெக்னாலஜிஸ்ட் பதவி அதில் தேறுவது கஷ்டம். பிறகு தரவு ஆய்வு சார்ந்த பதவிக்கு மாற வேண்டியிருக்கும். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, படித்த பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம். சம்பளம் எந்த ஆய்வு நிதியிலிருந்து வருகிறது, அது எப்போது முடிகிறது என்றும் கேட்கட்டும். 2025-ல் அங்கே அரசு பல ஆய்வு நிதிகளைப் பாதியிலேயே நிறுத்தியது.

உடம்பு விஷயத்தில் ஒளிக்க ஒன்றுமில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, இரவு ஷிஃப்ட் வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் 2007-ல் சேர்த்தது, 2019-லும் அதை உறுதிசெய்தது. அந்தக் கவலை வருடக்கணக்கில் தொடர்பவர்களுக்குத்தான் அதிகம் என்பதால்தான் இரண்டு வருடம் என்கிறேன். உடனடி ஆபத்து காலையில் கார் ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவது. பஸ் வசதி இருக்கிற இடத்தில் வீடு பார்க்கச் சொல்லுங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. அறைக்குக் கனமான திரை போடட்டும். பின்னிரவில் காபி வேண்டாம். நீங்களும் ஒன்று செய்ய வேண்டும்: நம்மூரில் சாப்பிட்டுவிட்டு இரவு எட்டு மணிக்கு அம்மா போன் போட்டால், கோடையில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை பத்தரை. ஷிஃப்ட் முடித்த பிள்ளை அப்போதுதான் கண்ணயர்ந்திருக்கும். வேலை நாளில் மெசேஜ் போதும், பேச்சு விடுமுறை நாளில்.

பெண் பிள்ளை தனியாக என்ற பயத்துக்கு, நேரே ஆய்வகத்தையே கேட்கச் சொல்கிறேன். இரவில் இன்னொரு ஊழியர் கட்டிடத்தில் இருப்பாரா, பங்கேற்பவருக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் எந்த டாக்டரைக் கூப்பிட வேண்டும், கேம்பஸ் செக்யூரிட்டி பார்க்கிங்வரை துணைக்கு வருவார்களா? இதைக் கேட்பதால் வேலை போய்விடாது. பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடம் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லலாம்.

இந்தப் பதில்களையும் ஆஃபர் லெட்டரையும் எனக்கு அனுப்புங்கள். கடன் தவணை எந்த மாதம் தொடங்குகிறது என்றும் எழுதுங்கள். சில ஷிஃப்டுகள் ரத்தானாலும் தவணை கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.