நியாண்டர்தால் நமக்கு என்ன முறை?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதக் கட்டுரையில் நியாண்டர்தால் மனிதர்களை ‘பூண்டோடு அழிந்துபோனவர்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவில் இருக்கும் என் மகள், எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பும் டி.என்.ஏ. பரிசோதனை ஒன்றைச் செய்துகொண்டாள். நியாண்டர்தால் பங்கு 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு என்று வந்திருக்கிறது. அழிந்துபோனவர்கள் என் மகளுக்குள் எப்படி வந்தார்கள்? அவர்கள் நமக்குத் தாத்தா முறையா? அத்தனை பழைய எலும்பில் இதையெல்லாம் எப்படிப் படிக்கிறார்கள்? நம் ஊரில் ஏன் அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை?

இன்னொன்று. சிந்துவெளி நகரமான ராக்கிகடியில் கிடைத்த எலும்புக்கூடு ஒரு தமிழச்சி என்று நிரூபணமாகிவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்ததை என் கணவர் குடும்பக் குழுவில் போட்டார். அதிலிருந்து அவருக்கும் என் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதற்கும் சேர்த்துப் பதில் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

வி. ஆர்.,
மயூர் விஹார், டெல்லி

அன்புள்ள வி. ஆர். அவர்களுக்கு,

‘பூண்டோடு’ என்று எழுதியது என் தப்பு. வேகத்தில் வந்து விழுந்த சொல். கட்டுரையில் திருத்திவிட்டேன்.

முதலில் முறையைப் பேசிவிடலாம். தாத்தா இல்லை. ஐந்தாறு லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒரே குடும்பமாக இருந்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஐரோப்பா, மேற்கு ஆசியா பக்கம் போன கிளை நியாண்டர்தால் ஆனது. ஆப்பிரிக்காவிலேயே இருந்த கிளையில் நாம் வந்தோம். ஆக, பங்காளிகள். அப்புறம், சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன்பு ஆப்பிரிக்காவை விட்டு வெளியே வந்த நம் ஆட்களில் ஒரு கூட்டம் இந்தப் பங்காளிகளோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்தது. பங்காளி சம்பந்தியாகிவிட்டான். பங்காளி வீட்டில் சம்பந்தம் வைத்துக்கொள்வதை என் பாட்டி ஒத்துக்கொள்ளவே மாட்டாள். ஐந்து லட்சம் வருஷம் கழித்துத் தீட்டு ஒட்டாது என்று அவளைச் சமாதானம் செய்திருக்கலாம். ‘சம்பந்தம்’ என்று நான் கௌரவமாகச் சொல்கிறேன். இணங்கி வந்தார்களா, தூக்கிக்கொண்டு போனார்களா என்று எலும்பு சொல்வதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிற ஒய் குரோமோசோம் நம் இனிஷியல் மாதிரி. தாயிடமிருந்து மட்டும் வருவது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. நியாண்டர்தால்களுடைய இந்த இரண்டுமே இன்று உயிரோடு இருக்கும் எவரிடமும் இதுவரை கிடைத்ததில்லை. ஆண்வழியும் அறுந்தது, பெண்வழியும் அறுந்தது. இனிஷியல் போய்விட்டது, சொத்தில் மட்டும் துண்டு துண்டாகப் பங்கு வந்து சேர்ந்திருக்கிறது. உங்கள் மகளின் 2 சதவீதம் அந்தத் துண்டுகள்தான். உங்களுக்கு வந்த துண்டும் எனக்கு வந்த துண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இந்தியா முழுவதும் 2,700-க்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தொகுதியைப் படித்து, 2025-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இந்தியர்களிடம் சிதறிக் கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கி அடுக்கினாலே நியாண்டர்தால் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய பாதி தேறுகிறது என்கிறார்கள். நம் டெல்லி எய்ம்ஸும் பங்குபெற்ற வேலைதான் அது. முதியவர்களின் மறதிநோயை ஆராய எடுத்த ரத்தத்தில் இத்தனை பழைய கதை வந்தது.

இனி, எப்படிப் படிக்கிறார்கள் என்ற கேள்வி. அதற்கு ஈரலில் இருந்து தொடங்க வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஸ்வாந்தே பாபோ என்று ஓர் ஆராய்ச்சி மாணவர் இருந்தார். எகிப்திய மம்மிகளில் டி.என்.ஏ. மிஞ்சியிருக்குமா என்று அவருக்கு ஒரு சந்தேகம். மம்மி உடனே கிடைக்குமா? கடையில் கன்றுக்குட்டி ஈரல் வாங்கிவந்து, பேராசிரியருக்குத் தெரியாமல் ஆய்வுக்கூட அடுப்பில் 50 டிகிரியில் காயவைத்தார். நாம் உப்புக்கண்டம் போடுகிற கதைதான், உப்பு மட்டும் இல்லை. இரண்டாம் நாளே நாற்றம் கட்டடத்தைத் தூக்கிவிட்டதாம். காய்ந்து கறுத்த அந்த ஈரலில் டி.என்.ஏ. இருந்தது. உடைந்து நொறுங்கி, ஆனாலும் இருந்தது. 2022-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர் இவர்தான்.

ஆனால் 1985-இல் அவர் மம்மியில் கண்டதாக வெளியிட்ட டி.என்.ஏ., அநேகமாக யாரோ கைபட்டு ஒட்டியதாக இருக்கும் என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். 1994-இல் அமெரிக்காவில் ஒரு குழு டைனோசர் காலத்து எலும்பில் டி.என்.ஏ. எடுத்தோம் என்றது. அடுத்த வருஷமே அது மனுஷனுடையது என்று தெரிந்தது. இந்தத் துறையின் முதல் எதிரி ஆராய்ச்சியாளரின் எச்சிலும் பொடுகும்தான். அதனால்தான் தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு, புற ஊதா விளக்கு எரிகிற அறையில், பல் வைத்தியரின் துளைக்கருவியால் எலும்பைக் கொஞ்சமாகத் துளைத்துப் பொடி எடுக்கிறார்கள். காதுக்குப் பின்னால் உள்ளே இருக்கும் கெட்டியான எலும்பு கிடைத்தால் யோகம். அப்படியும் குரோவேஷியாவின் விந்தியா குகை எலும்புகளில் எடுத்ததில் 95 சதவீதத்துக்கு மேல் பாக்டீரியா வகையறாக்களின் டி.என்.ஏ. 2010-இல் வந்த முதல் நியாண்டர்தால் மரபணுத் தொகுதி இந்தக் குப்பையிலிருந்து சலித்தெடுத்தது.

அசலைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. போலிப் பத்திரம் பார்த்திருப்பீர்கள். தேதி 1940, காகிதம் மொடமொடவென்று இருக்கும். டி.என்.ஏ.விலும் அப்படித்தான். ஏ, சி, ஜி, டி என்ற நான்கு வேதிப்பொருள்களை எழுத்தாக வைத்து எழுதிய நீண்ட வரி அது. பழையது என்றால் நாற்பது, ஐம்பது எழுத்துகள் கொண்ட துண்டுகளாக நொறுங்கியிருக்க வேண்டும். துண்டின் ஓரங்களில் ‘சி’ என்ற எழுத்து கெட்டுப்போய்க் கருவியில் ‘டி’ என்று விழ வேண்டும். ஓரம் நையாத டி.என்.ஏ.வை எவரும் நம்புவதில்லை.

எனக்கு இந்தத் துறையில் ஒட்டுதல் வந்ததற்குக் காரணம் ஓர் எலும்புச் சில்லு. ஓர் அங்குல நீளம்கூட இல்லை. சைபீரியாவில் அல்தாய் மலையில் டெனிசோவா குகை இருக்கிறது. அங்கே கிடைத்த சுண்டுவிரல் எலும்பின் டி.என்.ஏ. நியாண்டர்தாலோடும் சேரவில்லை, நம்மோடும் சேரவில்லை. அப்படித்தான் 2010-இல் ‘டெனிசோவர்’ என்ற மூன்றாவது பங்காளி இருந்ததே தெரியவந்தது. மண்டை ஓடு, தாடை எதுவும் பார்க்காமல் டி.என்.ஏ.வை மட்டும் வைத்து ஒரு மனிதக் கூட்டத்தை அறிந்துகொண்டது அதுதான் முதல்முறை. அதே குகையில் எந்த மிருகத்தினுடையது என்றே தெரியாத இரண்டாயிரத்துச் சொச்சம் சில்லுகள் பைகளில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் புரதத்தைச் சோதித்துக்கொண்டே வந்ததில் ஒன்று மட்டும் மனித வகை. 2018-இல் அதன் டி.என்.ஏ.வைப் படித்து முடித்தார்கள். ஏறக்குறைய 90,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, பதின்மூன்று வயதாவது ஆன ஒரு பெண். அம்மா நியாண்டர்தால், அப்பா டெனிசோவர். பாட்டி, பூட்டி என்று தூரத்தில் எங்கோ நடந்த கலப்பு இல்லை. பெற்ற அம்மா, பெற்ற அப்பா. இத்தனைக்கும் அப்பா வழியிலும் எப்போதோ ஒரு நியாண்டர்தால் கலப்பு உண்டு. அவளுக்கு ‘டென்னி’ என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். கையில் நாலைந்து எலும்புதான் இருந்தது. அதற்குள் இப்படி ஒருத்தி அகப்படுகிறாள் என்றால் அந்தக் கலப்பு ஒன்றும் அபூர்வமாக இருந்திருக்காது.

சம்பந்தி வீட்டுச் சீதனத்தில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. திபெத்தியர்கள் மலை உச்சியில் மூச்சு முட்டாமல் வாழ உதவுகிற மரபணு வடிவம் டெனிசோவர் வழி வந்தது. கோவிட் கடுமையாகும் அபாயத்தைக் கூட்டுகிற ஒரு துண்டு, மூன்றாவது குரோமோசோமில், நியாண்டர்தால் வழி வந்தது. தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அதன் ஒரு பிரதியாவது இருக்கிறது என்று பாபோவும் ஹியூகோ செபெர்க்கும் 2020-இல் எழுதினார்கள். இதைச் சிலர் 2021 ஏப்ரலுக்கு விளக்கமாகச் சொல்கிறார்கள். அந்த ஏப்ரலில் நான் இங்கேதான் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரருக்காக இரண்டு நாள் ஆக்சிஜன் சிலிண்டர் வரிசையில் நின்றேன். மூன்றாம் நாள் தேவைப்படவில்லை. அந்தக் கணக்கை 50,000 வருஷத்துக்கு முந்தைய ஒரு சம்பந்தியின் தலையில் எழுதுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, நம் ஊருக்கு வருவோம். கொற்றலை ஆற்றங்கரையில், சென்னைக்குப் பக்கத்திலேயே, அத்திரம்பாக்கம். சாந்தி பப்பு குழுவினர் அங்கே தோண்டியெடுத்த கற்கோடரிகளில் பழையவை 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கருவி செய்யும் முறை மாறிவிட்டது என்று 2018-இல் எழுதினார்கள். மாற்றியது யார்? நம் பங்காளிகளில் ஒருவரா, வேறு யாராவதா? கல் இருக்கிறது, கல்லைப் பிடித்த கையின் எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை. கிடைத்தாலும் நம் வெயிலும் மழையும் டி.என்.ஏ.வை விட்டுவைக்காது. சைபீரியக் குகை குளிர்பதனப் பெட்டி என்றால் நம் மண் இட்லிக் கொப்பரை. புரதம் அதைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். தைவானுக்கு அருகே கடலில் மீன்வலையில் சிக்கிய ஒரு தாடையை, வெப்பமான பிரதேசமாக இருந்தும், புரதத்தை வைத்தே டெனிசோவர் என்று 2025-இல் உறுதிசெய்தார்கள். அதனால் அத்திரம்பாக்கத்தில் ஒரு பல் கிடைத்தால் போதும் என்று எனக்கு நப்பாசை.

இப்போது உங்கள் கணவர். ராக்கிகடி ஹரியானாவில், டெல்லியிலிருந்து 150 கிலோமீட்டர் போல. அங்கே 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்தார்கள். ஒன்றே ஒன்றில்தான் படிக்கிற அளவுக்கு டி.என்.ஏ. வந்தது, அதுவும் நூறு தடவைக்கு மேல் முயன்ற பிறகு. ஒரு பெண், நாலாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முந்தியவள். ஈரான் பக்கத்து மக்களோடு தூரத்து உறவுள்ள ஒரு வழியும், இங்கேயே இருந்த வேட்டை மக்களின் வழியும் அவளிடம் கலந்திருந்தன. புல்வெளி ஆயர்களின் வழி, அதாவது ஸ்டெப்பி வழி, அவளிடம் இல்லை. 2019-இல் வெளிவந்தது இவ்வளவுதான். அவளைப் போன்றவர்களின் வழி இன்று தெற்காசியாவில் கிட்டத்தட்ட எல்லோரிடமும் கூடவோ குறையவோ இருக்கிறது. உங்கள் கணவரிடமும் தம்பியிடமும் இருக்கும், மாடிவீட்டுப் பஞ்சாபிக்காரரிடமும் இருக்கும். அவள் என்ன பேசினாள் என்று டி.என்.ஏ.வில் எழுதியிருக்காது. சிந்துவெளி மொழி திராவிட மொழியாக இருக்கலாம் என்று வாதிட வேறு ஆதாரங்கள் உண்டு, எனக்கும் அந்தப் பக்கம் சாய்வு உண்டு. ஆனால் அந்த வழக்கில் இந்த எலும்பைச் சாட்சியாகக் கூப்பிட முடியாது. தம்பி எதிர்க்கட்சிச் செய்தி ஏதாவது போட்டிருந்தால் அதற்கும் இதே பதில்.

ஊரிலிருந்து யார் வந்தாலும் குதுப் மினார், செங்கோட்டை, சரோஜினி நகர் முடித்துக் களைத்தவர்களை நான் ஜன்பத்தில் தேசிய அருங்காட்சியகத்துக்கு இழுத்துப்போவேன். ஹரப்பா கூடத்தில் கண்ணாடிக்குள் ராக்கிகடிப் பெண் ஒருத்தியின் எலும்புக்கூடு இருக்கிறது. டி.என்.ஏ. கொடுத்தவள் வேறு, இவள் முந்தைய அகழாய்வில் கிடைத்தவள். பானைகள் சூழப் படுத்திருக்கிறாள், கையில் வளையல். போன தடவை என் அத்தை அந்த வளையலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “கழட்டாமலே விட்டுட்டாங்களே” என்றார்.

உங்கள் கணவரையும் தம்பியையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு போங்கள். திங்கட்கிழமை விடுமுறை.

அன்புடன்.