தோமோநோஊரா: புகைப்பட நடைக்கு எந்த நேரம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏப்ரலில் ஜப்பான் செல்கிறேன். ஹிரோஷிமா மாநிலத்தின் பழைய துறைமுக ஊரான தோமோநோஊராவில், வழிகாட்டியுடன் போகும் புகைப்பட நடை ஒன்றில் சேர எண்ணம். காலை ஒன்பது, மாலை நான்கு என இரண்டு நேரங்கள் தருகிறார்கள். எது நல்லது? முக்காலி தேவைப்படுமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

வெளிச்சம் பார்த்து நேரம் குறிப்பதுதான் வழக்கம். இந்த ஊரில் அதற்கு முன்னால் ஓதத்தை, அதாவது கடல்நீரின் ஏற்றத்தையும் வற்றத்தையும், பார்க்க வேண்டும். கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் செத்தோ உள்நாட்டுக் கடலுக்குள் ஏறிவரும் நீர் இந்தப் பக்கத்தில்தான் சந்திக்கிறது. பாய்மரக் கப்பல்கள் ஏற்றத்தோடு வந்து, வற்றம் தொடங்கும்வரை இங்கே காத்துக் கிடந்தன. ஊர் வளர்ந்ததே அந்தக் காத்திருப்பால்தான்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்ட வேறுபாடு மூன்று மீட்டரைத் தாண்டும். எந்த மட்டத்திலும் சரக்கு ஏற்றி இறக்குவதற்காகக் கட்டிய ‘காங்கி’ கற்படிகள் ஏற்றத்தில் பாதிக்குமேல் மூழ்கிவிடும். அப்போது போனால் படத்தில் ஒரு சாதாரணக் கரைதான் இருக்கும். ஜப்பான் வானிலை நிறுவனத்தின் ஓத அட்டவணையில் உங்கள் தேதியைப் பாருங்கள். வற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், நேற்று போனவர் சொன்ன நேரம் ஓரிரு நாளில் பொய்யாகிவிடும். முழு வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே படியருகில் இருப்பது நல்லது. பச்சை படிந்த கீழ்ப்படிகளில் கால் வைக்காதீர்கள், வழுக்கும். ஈரக்கல்லின் பளபளப்புதான் படியின் விளிம்புகளைக் காட்டுகிறது. லென்ஸில் மாட்டும் போலரைசர் வடிகட்டி அதைத் துடைத்துவிடும், கழற்றிவிடுங்கள்.

கப்பல்களுக்கு வழிகாட்ட 1859இல் எழுந்த ஜோயாதோ கல்விளக்கைப் பக்கத்தில் நின்று அண்ணாந்து எடுத்தால் சரிந்து விழுவதுபோல் வரும். பின்னால் நகர்ந்து, கேமராவைச் சாய்க்காமல் எடுங்கள். துறைமுகத்தின் குறுக்கே பாலம் கட்டும் திட்டத்தை 2009இல் ஹிரோஷிமா மாவட்ட நீதிமன்றம் தடுத்திராவிட்டால் இந்தக் காட்சியே இருந்திருக்காது.

முக்காலி வேண்டாம். சந்துகள் குறுகல், குழுவில் எட்டுப் பேர் இருந்தாலே ஊர்க்காரர்களுக்கு வழி அடைபடும். அந்திக்குப் பின் நீலவானத்துடன் விளக்கை எடுக்க முக்காலி வேண்டுமே என்பீர்கள். கட்டிய படகுகள் ஆடிக்கொண்டேயிருக்கும், நான்கு விநாடி திறந்துவைத்தால் கொடிமரமெல்லாம் கலங்கிவிடும். ஐஎஸ்ஓ 1600, எஃப் 4, 1/30 விநாடி என்று தொடங்கிக் கையிலேயே எடுங்கள். நிலையாக்கம் உள்ள 35 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும். வீட்டு வாசலில் குடும்பப் பெயர்ப் பலகை இருந்தால் அது தெரியாமல் சட்டகத்தை நகர்த்துங்கள்.

ஃபுகுசென்ஜி கோவிலின் தைச்சோரோ கூடம் கிழக்கே சென்சுய்ஜிமா தீவைப் பார்த்தது. காலையில் சூரியன் எதிரே நிற்கும். தூண்கள் கருநிழலாகவும் கடல் வெளுத்தும் வரும். பிற்பகலில் தீவின்மேல் வெளிச்சம் விழும். தத்தாமி பாயில் உட்கார்ந்து, அந்த உயரத்திலிருந்து, கடலுக்கு எக்ஸ்போஷர் வைத்து எடுங்கள்.

ஆக, நீங்கள் போகும் நாளில் வற்றம் மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் விழுந்தால் மாலை நடை. காலையில் விழுந்தால் காலை நடையில் சேர்ந்துவிட்டு, தைச்சோரோவுக்குப் பிற்பகலில் தனியாகப் போங்கள். விளக்குக்காக இருட்டும்வரை தங்குவதானால் ஃபுகுயாமா ரயில் நிலையத்துக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தை முன்பே பார்த்து வையுங்கள். பயணம் அரை மணி நேரம்.