ஸ்காட்லாந்தின் ஷெட்லண்ட் தீவுகளைச் சேர்ந்த குறிப்பிடத்தக்க இசைக்கலைஞர்கள், பாடகர்கள் யார் யார்?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் முதலில் சொல்லும் பெயர் ஆலி பெயின். வெளியுலகத்துக்கு அதிகம் தெரிந்த ஷெட்லண்ட் கலைஞர் அவர்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் அவருடைய குருவிடமிருந்துதான் தொடங்குவேன். அவர் இல்லாவிட்டால் நான் கீழே சொல்லப்போகிறவர்களில் பலரின் கையில் பிடில் ஏறியே இருக்காது.

முதலில் அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம். ஸ்காட்லாந்தின் வடமுனையையும் தாண்டிக் கடல் நடுவே கிடக்கும் தீவுக்கூட்டம் அது. மக்கள்தொகை சுமார் 23,000. அபர்டீனில் மாலையில் கப்பல் ஏறினால் மறுநாள் காலையில்தான் லெர்விக் துறைமுகம் வரும். 1469 வரை இந்தத் தீவுகள் ஸ்காட்லாந்திடம் இல்லை. டென்மார்க்-நார்வே மன்னர் தன் மகளின் சீதனப் பணத்துக்கு ஈடாக அடகு வைத்தார், கடைசிவரை மீட்கவே இல்லை. அதனால்தானோ என்னவோ, அவர்களுடைய பிடில் வாசிப்பில் நார்வேயின் வாடை தூக்கலாகவே இருக்கும். ஒரு தந்தியில் மெட்டு ஓடும்போது பக்கத்துத் தந்தியும் கூடவே ஒலித்துக்கொண்டிருக்கும். கிரீன்லாந்துப் பக்கம் திமிங்கில வேட்டைக்குப் போன கப்பல்களில் ஷெட்லண்ட் ஆட்கள் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். அந்தக் கப்பல்கள் வழியாகவும் சில மெட்டுகள் தீவுக்கு வந்து சேர்ந்தன. பழைய மெட்டுகள் சிலவற்றுக்குத் தந்திகளை ஏ-ஈ-ஏ-ஈ என்று மாற்றிச் சுருதி சேர்ப்பார்கள். கர்நாடக சங்கீத வயலின் வாசிப்பவர்களுக்கு இது நன்றாகவே புரியும். நம் ஸ-ப-ஸ-ப அமைப்பேதான் அது.

சரி, குருவுக்கு வருவோம். டாம் ஆண்டர்சன் (1910–1991). எஷானெஸ் என்ற மேற்குக் கரைக் கிராமத்துக்காரர். தொழில், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். பாலிசி விஷயமாக ஊர் ஊராகப் போகும் இடங்களில், வயதானவர்களிடம் அவர்களுக்குத் தெரிந்த மெட்டுகளைக் கேட்டு வாங்கிச் சேர்த்தார். அந்தத் தலைமுறை போய்விட்டால் மெட்டும் கூடவே போய்விடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வெளிநாடுகளில் குடியேறிய ஷெட்லண்ட்காரர்கள் ஊர் திரும்பிக் கொண்டாடிய 1960ஆம் ஆண்டு விழாவை ஒட்டி பிடில்காரர்கள் சங்கம் ஒன்றைத் திரட்டினார். அப்புறம் 1970களில் பள்ளிக்கூடங்களிலேயே பிடில் சொல்லித்தர வழிசெய்து, தானே ஆசிரியராகவும் போனார். என் பார்வையில் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான். சேகரித்து வைப்பதோடு நின்றிருந்தால் அந்த மெட்டுகள் ஏதாவது ஒரு காப்பகத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். பத்து வயதுப் பிள்ளைகள் கையில் கொடுத்ததால்தான் அவை உயிரோடு இருக்கின்றன.

அவர் நல்ல இசையமைப்பாளரும்கூட. 'டா ஸ்லாக்கிட் லைட்' என்ற அவருடைய மெட்டை இன்று உலகெங்கும் பிடில் வாசிப்பவர்கள் வாசிக்கிறார்கள். அது பிறந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். 1969 ஜனவரி மாதக் கடைசி, இரவு பதினொரு மணி தாண்டிவிட்டது. எஷானெஸிலிருந்து கிளம்பி, மேட்டின் உச்சிக்கு வந்ததும் திரும்பிப் பார்க்கிறார். சின்ன வயதில் பார்த்த அளவுக்கு வீடுகளில் விளக்குகள் இல்லை. எரிந்துகொண்டிருந்த கொஞ்ச விளக்குகளும் அவர் கண்ணெதிரே ஒவ்வொன்றாக அணைகின்றன. அவருடைய மனைவி இறந்து அதிக காலம் ஆகவில்லை. அணைந்துபோன விளக்கு என்றே மெட்டுக்குப் பெயர் வைத்தார். வேகமே இல்லாத, மிக எளிமையான மெட்டு. பெரிய வித்தை எதுவும் அதில் கிடையாது. ஆனால் கேட்டு முடித்ததும் உடனே இன்னொரு பாட்டுக்குப் போக எனக்கு மனம் வருவதில்லை.

அவரிடம் படித்தவர்தான் ஆலி பெயின். 1946இல் லெர்விக்கில் பிறந்தார். தச்சு வேலை கற்றவர். 1968இல் தீவை விட்டுக் கிளம்பி, 'பாய்ஸ் ஆஃப் த லாக்' குழுவோடு ஊர் ஊராக வாசித்தார். அக்கார்டியன் கலைஞர் ஃபில் கன்னிங்ஹாமும் அவரும் சேர்ந்து பல பத்தாண்டுகளாக வாசித்துவருகிறார்கள். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, அமெரிக்கக் கலைஞர்களை ஒரே அறையில் உட்காரவைத்த 'ட்ரான்ஸ்அட்லாண்டிக் செஷன்ஸ்' தொலைக்காட்சித் தொடர் 1995இல் தொடங்கியபோதும் அவர் அதன் மையத்தில் இருந்தார். வேக மெட்டுகளில் அவரை விரட்டிப் பிடிக்கச் சிலர் உண்டு. மெதுவான மெட்டில், ஒரு ஸ்வரத்தை எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது என்றே சொல்வேன்.

லெர்விக்கைச் சேர்ந்த இன்னொரு பெரிய கலைஞர் வில்லி ஹண்டர். துறைமுகத்தை விட்டுப் பிரியும் கப்பலைப் பற்றிய 'லீவிங் லெர்விக் ஹார்பர்' அவர் அமைத்த மெட்டு.

கிட்டார் பக்கம் வந்தால் 'பீரி' வில்லி ஜான்சன் (1920–2007). பீரி என்றால் அந்த ஊர்ப் பேச்சில் குட்டி, ஆள் குள்ளம். யெல் தீவில் பிறந்தவர். சிற்றலை வானொலியில் வந்த அமெரிக்க ஸ்விங், ஜாஸ் இசையைக் கேட்டுக் கேட்டே தனக்கென்று ஒரு பாணியை உண்டாக்கிக்கொண்டார். கீழ்ஸ்தாயி ஸ்வரம் ஒன்று, உடனே மேலே ஒரு கார்டு (பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிப்பது), அடுத்த அடிக்குள் அந்தக் கார்டும் மாறியிருக்கும். பழைய ஷெட்லண்ட் மெட்டுக்குக் கீழே ஜாஸ் நடந்து போகும். இன்று 'ஷெட்லண்ட் கிட்டார்' என்று சொன்னாலே அவர் பாணிதான். அவர் பெயரில் லெர்விக்கில் கிட்டார் விழாவும் நடத்தியிருக்கிறார்கள்.

பாடகர்களையும் கேட்டிருக்கிறீர்கள். பிடில் அளவுக்குப் பாட்டு அங்கே வெளியே தெரியவில்லை. ஆனால் ஒருவரைச் சொல்லாமல் விடமுடியாது: தாமஸ் ஃப்ரேசர் (1927–1978). பர்ரா தீவில் மீன்பிடித்து, கொஞ்சம் நிலத்தையும் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர். ரொம்பக் கூச்ச சுபாவம், மேடை என்றாலே ஒதுங்கிவிடுவார். ஊருக்கு மின்சாரம் வந்ததும், 1950களில், ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி வீட்டிலேயே பாடிப் பதிவுசெய்ய ஆரம்பித்தார். பாடியது ஜிம்மி ராட்ஜர்ஸ் வகை அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுகள், குரலைச் சட்டென்று மேலும் கீழும் தாவவிட்டுப் பாடும் அந்த யோடலிங் உட்பட. பதிவு செய்த டேப்புகளை உறவினருக்கும் நண்பர்களுக்கும் கொடுத்துவிடுவார், அவ்வளவுதான். இறந்து இருபது வருடத்துக்கும் மேலான பிறகு, அவருடைய பேரன் அந்த டேப்புகளைத் தேடிச் சுத்தம் செய்து 2002இல் முதல் சிடியை வெளியிட்டார். அமெரிக்காவில் கால் வைக்காத ஒரு மீனவரின் குரலா இது என்று நம்பவே முடியாது. தயவுசெய்து தேடிக் கேளுங்கள்.

அடுத்த தலைமுறையில், ஆண்டர்சனின் மாணவி கேட்ரியோனா மெக்டொனால்ட் 1991இல் பிபிசியின் இளம் மரபிசைக் கலைஞர் விருது பெற்றவர். ஃபேர் ஐல் தீவில் வளர்ந்த கிறிஸ் ஸ்டவுட், 'ஃபிடிலர்ஸ் பிட்' குழுவிலும், கேட்ரியோனா மெக்கேயின் யாழோடு சேர்ந்தும் வாசிப்பவர். அதே ஃபேர் ஐலில் வாழ்ந்த கவிஞர், பாடகி லீஸ் சின்க்ளேர் 2013இல் காலமானார். பாப் இசைப் பக்கம் ஆஸ்ட்ரிட் வில்லியம்சன் இருக்கிறார்.

புதிதாகக் கேட்கப்போகிறவர்கள் ஆலி பெயின் வாசித்த மெதுவான மெட்டுகளில் தொடங்கி, பிறகு பீரி வில்லிக்குப் போவது நல்லது. நேரிலேயே போய்க் கேட்க வாய்ப்பிருந்தால், 1981 முதல் நடந்துவரும் ஷெட்லண்ட் நாட்டுப்புற இசைவிழாவை ஒட்டி, ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் வாக்கில் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரிகள் லெர்விக்கில் மட்டுமில்லாமல் கிராமத்துப் பொதுக் கூடங்களிலும் நடக்கும், வெளியூர்க் கலைஞர்களை ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளிலேயே தங்கவைப்பார்கள்.