தனியாகக் கிளினிக் நடத்தும் கால்நடை மருத்துவர் யாரிடம் கற்றுக்கொள்வது?

கேள்வி: வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பி.வி.எஸ்சி முடித்துவிட்டு, நான்கு வருடமாக மடிப்பாக்கத்தில் தனியாகக் கிளினிக் நடத்துகிறேன். முதுநிலை படிக்கவில்லை. போன மாதம் ஐந்து வயது லாப்ரடார் ஒன்று காய்ச்சலோடும் வெளுத்த ஈறோடும் வந்தது. உண்ணிக் காய்ச்சல் என்று டிமினாசின் ஊசி இரண்டு முறை போட்டேன், டாக்ஸிசைக்ளினும் கொடுத்தேன். இரண்டு தடவை தேறியது, மூன்றாவது தடவை விழுந்து இறந்துவிட்டது. யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. ஆன்லைன் சான்றிதழ் படிப்பு, வார இறுதிப் பயிற்சி என்று தினமும் விளம்பரம் வருகிறது. எதில் பணம் போடலாம்? கிளினிக்கை மூடிவிட்டுப் போகும் அளவுக்குப் பலன் இருக்குமா?

பதில்: "யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். பணத்தை எதில் போடலாம் என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

கல்லூரியில் இருந்தவரை நாம் யாரும் தனியாக ஒரு நாயைப் பார்த்ததில்லை. சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் சீனியர் இருப்பார். ஸ்லைடைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் பார்த்துச் சொல்ல ஒரு துறையே இருக்கும். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது, ஒவ்வொரு அறையிலும் நம்மைவிட ஒரு கேஸ் அதிகம் பார்த்தவர் ஒருவராவது உட்கார்ந்திருப்பார். பட்டம் வாங்கி வெளியே வந்த அன்றைக்கு அத்தனையும் ஒரே நாளில் நின்றுவிடுகிறது. மறுநாளிலிருந்து நீங்களே டாக்டர், நீங்களே லேப், நீங்களே சீனியர். உங்கள் லாப்ரடார் விஷயத்தில் உங்களுக்குப் படிப்பு குறைவாக இருந்ததாக நான் நினைக்கவில்லை. இரண்டாவது தடவை அது விழுந்தபோது, "எதையோ விடுகிறோம்" என்று சொல்ல இன்னொரு ஆள் பக்கத்தில் இல்லை.

அதனால் எந்தப் படிப்பிலும் சேர்வதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உங்கள் கேஸ் நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கடந்த ஒரு வருடத்தில் வந்த கேஸ்களில் மூன்றாவது முறையும் திரும்பி வந்தவை, வேறு இடத்துக்கு அனுப்பியவை, ஏன் இறந்தது என்று இன்றுவரை தெரியாதவை, இவற்றை மட்டும் பென்சிலால் குறியுங்கள். பெரும்பாலும் நான்கைந்து விஷயங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். நம் ஊர் கிளினிக்குகளில் உண்ணியால் வரும் நோய்கள், அடங்காத தோல் அரிப்பு, வயதான சிறு நாய்களின் இருமல், சிறுநீரகக் கோளாறு என்று இருக்கும். அதுதான் உங்களுக்கான பாடத்திட்டம். நோட்டு முழுக்க அரிப்பு கேஸாக இருப்பவர் எலும்புக்குப் பிளேட் போடும் பயிற்சிக்கு, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், போக வேண்டியதில்லை.

பாடத்திட்டம் கிடைத்ததும் அதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். படித்தே சரிசெய்யக்கூடியது ஒன்று, கை பழக வேண்டியது இன்னொன்று.

படித்துச் சரிசெய்வதற்குப் பெரும்பாலும் பணமே தேவையில்லை. உலகச் சிறுவிலங்கு மருத்துவர் சங்கத்தின் தடுப்பூசி வழிகாட்டுதல், ஐரிஸ் அமைப்பின் சிறுநீரக நோய் அட்டவணை, வெப்பநாடுகளின் ஒட்டுண்ணிகளுக்கென்றே இயங்கும் ட்ரோகேப் குழுவின் வழிகாட்டுதல் எல்லாம் இலவசம். கடைசியாகச் சொன்னது நமக்காகவே எழுதியது போல இருக்கும். குளிர்நாட்டுப் புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடித்துவிடும் உண்ணி நோய்கள் அதில் விரிவாக இருக்கின்றன. மாதம் ஒரு வழிகாட்டுதலை எடுத்து, உங்கள் கிளினிக்கில் இப்போது செய்வதோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். தடுப்பூசியையே எடுத்துக்கொள்வோம். குட்டிக்குக் கடைசி டோஸ் 16 வாரத்துக்கு முன்னால் முடியக் கூடாது. முன்பு ஒரு வயதில் போட்ட அடுத்த டோஸை 26 வாரத்திலேயே போடலாம் என்கிறது 2024 பதிப்பு. லெப்டோ (எலிக் காய்ச்சல்) பரவும் பகுதிகளில், அங்குள்ள வகைக்கு ஏற்ற தடுப்பூசி கிடைக்குமானால், அதையும் அவசியப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் நிற்பதைப் பார்த்த நமக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தடுப்பூசி அட்டை கல்லூரி நாட்களில் அச்சடித்ததென்றால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

இதை நானே சரியாகச் செய்யவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயது ஸ்பிட்ஸ் ஒன்று இருமலோடு வந்தது. ஸ்டெதாஸ்கோப்பை இடது மார்பில் வைத்ததும் முர்முர், அதாவது இதயத்தின் இரைச்சல், தெளிவாகக் கேட்டது. பழகிய கை நீர் பிரியும் மருந்தான ஃப்ரூசமைடை எழுதியது. எட்டு மாதம் கழித்து நாய்க்கு வாந்தி, சாப்பாடு இறங்கவில்லை, சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்தது. என்னைவிடப் பதினைந்து வருடம் இளையவரான ஒரு மருத்துவரிடம் ஸ்கேனுக்கு அனுப்பினேன். அவர் போன் செய்து, "சார், நுரையீரலில் நீரே இல்லையே, நீர் பிரியும் மருந்து எதற்காக எழுதினீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இதய வால்வு நோயை நிலை நிலையாகப் பிரித்து, எந்த நிலையில் எந்த மருந்து என்று அமெரிக்க நிபுணர் குழு 2019-ல் எழுதிவிட்டது. இதயம் பெரிதாகி, ஆனால் நீர் கோக்காமல் இருக்கும் பி2 நிலையில் கொடுக்க வேண்டியது பிமோபெண்டான். ஃப்ரூசமைடு அடுத்த நிலைக்கானது. பி2-வில் பிமோபெண்டான் கொடுத்தால் நீர் கோப்பது சராசரியாகப் பதினைந்து மாதம் தள்ளிப்போகிறது என்று 2016-லேயே ஆய்வு வந்திருந்தது. நான் படிக்கவில்லை. அந்த நாய்க்கு மருந்தை மாற்றினோம், அது மேலும் ஒன்றரை வருடம் இருந்தது. அந்த மருத்துவர் அன்றைக்குக் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்காமல் விட்டிருந்தால் என் கிளினிக்கில் இன்னும் எத்தனை நாய்களுக்கு அதே சீட்டு போயிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

கை பழக வேண்டியதற்குத்தான் பணம் போட வேண்டும், அதையும் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஸ்கேன் பயிற்சி என்றால் ஒரு மெஷினுக்கு எத்தனை பேர், உங்கள் கையில் புரோப் எவ்வளவு நேரம் இருக்கும், முடிந்த பிறகு சந்தேகம் வந்தால் யார் பதில் சொல்வார், இந்த மூன்றையும் கேளுங்கள். ஐம்பது பேரை உட்கார வைத்துத் திரையில் படம் காட்டுகிற இரண்டு நாள் பயிற்சியை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். நல்ல பயிற்சியாக இருந்தாலும் திரும்பி வந்த முதல் மாதத்தில் பழகாவிட்டால் கை மறந்துவிடும். கருத்தடைக்கு வரும் ஒவ்வொரு நாய்க்கும் மயக்கம் கொடுத்த பிறகு இரண்டு நிமிடம் புரோப் வைத்து, வயிற்றில் நீர் தேடும் நான்கு இடங்களையும் பாருங்கள்: ஈரல் பக்கம் உதரவிதானத்தை ஒட்டி, மண்ணீரலும் இடது சிறுநீரகமும் சேருமிடம், சிறுநீர்ப்பை, வலது சிறுநீரகம். ஆரோக்கியமான வயிறு கண்ணுக்குப் பழகினால்தான், லாரி அடித்த நாய் வரும் இரவில் ரத்தம் நிற்பது தெரியும்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பணியில் இருப்பவர்களுக்கான பயிற்சிகளை நடத்துகிறது. உங்கள் நோட்டு கேட்கும் பாடம் அங்கே வந்தால் அதையே முதலில் எடுங்கள். கட்டணத்துக்காக மட்டும் சொல்லவில்லை, பாடம் நடத்தியவர் இதே ஊரில் இருப்பார், பிறகும் போய்க் கேட்கலாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், பயிற்சிச் சான்றிதழ் முதுநிலைப் பட்டம் ஆகாது. அதை வைத்துப் பெயர்ப் பலகையில் 'ஸ்பெஷலிஸ்ட்' என்று போடக் கூடாது.

சரி, யாரிடம் கேட்பது? சங்கங்கள் இருக்கின்றன. இந்தியக் கால்நடை மருத்துவச் சங்கம் நடத்தும் ஆய்விதழ் 1924 முதல் வருகிறது, அதுவும் நம் சென்னையிலிருந்து. சிறுவிலங்கு மருத்துவர்களுக்கும் தனிச் சங்கங்கள் உண்டு, உறுப்பினராகுங்கள், கூட்டங்களுக்குப் போங்கள். ஆனால் இரவு பத்து மணிக்குப் போனை எடுக்கப் போவது சங்கம் இல்லை. உங்கள் தெருவிலிருந்து ஒரு கிலோமீட்டரில் இன்னொரு கிளினிக் இருக்கும். அவரைப் போட்டியாக நினைத்து நான்கு வருடமாகப் பேசாமல் இருந்திருப்பீர்கள், அவரும் அப்படித்தான் இருந்திருப்பார். ஒரு நாள் போய்ப் பாருங்கள். நீங்கள் பயிற்சிக்குப் போகும் சனிக்கிழமை உங்கள் கேஸ்களை அவர் பார்க்கட்டும், அவர் ஊருக்குப் போனால் நீங்கள் பாருங்கள். கிளினிக்கை மூட வேண்டுமே என்ற உங்கள் கவலைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ரத்தம் கொடுக்கக்கூடிய, இருபத்தைந்து கிலோவுக்கு மேலான ஆரோக்கியமான நாய்களின் பட்டியலை, வீட்டுக்காரர்களின் சம்மதத்தோடு, இருவரும் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக ஒருவரும் சேர்ந்தால் மாதம் ஒரு இரவு கிளினிக் மூடிய பிறகு உட்காருங்கள். ஆளுக்கு ஒரு கேஸ், அதுவும் சரியாக வராத கேஸ். நான் பதினோரு வருடமாக அப்படி உட்காருகிறேன். முதல் மூன்று மாதம் எல்லோரும் ஜெயித்த கேஸைத்தான் கொண்டுவந்தோம். நான்காவது மாதம் ஒருவர், மயக்க மருந்தில் போன பூனையைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போது குரல் நடுங்கியது. அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கியது.

வாட்ஸ்ஆப் குரூப்பில் கேட்பதும் தவறில்லை, கேட்கும் விதம்தான் முக்கியம். "நாய்க்குக் காய்ச்சல், என்ன தரலாம்?" என்று போட்டால் பத்துப் பேர் பத்து ஊசியின் பெயர் சொல்வார்கள். வயது, எடை, எத்தனை நாள், என்ன மருந்து எந்த டோஸில் எத்தனை நாள் கொடுத்தீர்கள், ஈறின் நிறம், ரத்தப் பரிசோதனையின் எண்கள், இவ்வளவும் எழுதுங்கள். எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் வைத்து நேராகப் படமெடுங்கள். நொண்டலுக்கும் மூச்சிறைப்புக்கும் வீடியோ போடுங்கள். வீட்டுக்காரர் பெயரும் போன் எண்ணும் தெரியாதபடி மறைத்துவிடுங்கள். முடிந்ததும் நாய் என்னவானது என்று குரூப்பில் எழுதுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. முடிவு தெரிந்தால்தானே பதில் சொன்னவரும் கற்றுக்கொள்ள முடியும்?

இனி உங்கள் லாப்ரடார். பார்க்காமல் நோயைச் சொல்ல மாட்டேன். ஆனால் தேறித் தேறி விழுந்தது என்றால், உண்ணி மூலம் பரவும் ரத்த ஒட்டுண்ணியான பபேசியா கிப்சோனையை நான் தேடியிருப்பேன். பேரிக்காய் வடிவில் ஜோடியாகத் தெரியும் பெரிய பபேசியா இல்லை இது. சிவப்பணுவுக்குள் சின்ன மோதிரம் போல இருக்கும், சாயம் சரியாகப் பிடிக்காவிட்டால் கண்ணில் படாது. டிமினாசின் காய்ச்சலை இறக்கும், கிருமியைப் பெரும்பாலும் ஒழிக்காது. இதற்கு வழக்கமாகப் பரிந்துரைப்பது அடோவகோன் கிலோவுக்கு 13.3 மி.கி. எட்டு மணிக்கு ஒருமுறை, கொழுப்புள்ள சாப்பாட்டோடு; கூடவே அசித்ரோமைசின் கிலோவுக்கு 10 மி.கி. தினம் ஒருமுறை, இரண்டும் பத்து நாள். முடிந்து இரண்டு மாதம் கழித்துப் பிசிஆர் செய்து பார்க்க வேண்டும்.

அந்த நாயின் ரத்த ஸ்லைடைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சாயமிட்ட ஸ்லைடு நாளானாலும் பேசும். வேப்பேரிக்கு எடுத்துப் போய்ப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று நீங்களும் பாருங்கள். மோதிரம் தெரிந்தால் அந்த வீட்டுக்குப் போன் செய்யுங்கள். அங்கே இன்னொரு நாய் இருந்தால் அதையும் வரவழைத்து, காது நுனியில் குத்தி முதல் சொட்டு ரத்தத்தில் ஸ்மியர் போடுங்கள்.