கையில் குச்சி, நோட்டில் குழந்தை உரிமை

கேள்வி: ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஒன்றில் விரிவுரையாளராக இருக்கிறேன். இரண்டாமாண்டில் குழந்தை உரிமைகளுக்கு எனக்கு நான்கு பாடவேளைதான் கிடைக்கிறது. தேர்வில் எல்லாரும் நன்றாகவே எழுதுகிறார்கள். கற்பித்தல் பயிற்சி நடக்கும் பள்ளிக்குப் போய்ப் பார்த்தால், அதே மாணவ ஆசிரியர்கள் ‘கையைக் கட்டு, வாயைப் பொத்து’ என்று நிற்கிறார்கள். எங்கே கோட்டை விடுகிறேன்?

பதில்: நான்கு பாடவேளையையும் சட்டம் சொல்வதிலேயே கரைத்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989இல் வந்தது, அதில் 54 பிரிவுகள், இந்தியா 1992இல் ஏற்றது, கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இதையெல்லாம் ஒரே தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். வீட்டில் படித்துக்கொள்வார்கள்.

முதல் பாடவேளையை அவர்களுடைய பள்ளி நாட்களிலிருந்து தொடங்குங்கள். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. பெயர் வேண்டாம். பள்ளியில் கூனிக் குறுகிப்போன ஒரு நாளைப் பற்றி மூன்று வரி எழுதட்டும். விருப்பமில்லாதவர்கள் வெற்றுச் சீட்டைப் போடலாம். பிரம்படி நிறைய வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கு வந்த சீட்டுகளில் அடியைவிட வேறொன்றுதான் அதிகம்: உதவித்தொகைப் படிவம் கொடுக்கும் நாளில் ‘எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிங்க’ என்று வகுப்பு நடுவே எழுப்பி நிறுத்தியது. அந்த டீச்சர் கெட்டவரில்லை, உதவிதான் செய்தார். அதே படிவத்தை இடைவேளையில் கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடலை வருத்துவதோடு மனத்தை வருத்துவதையும் தடை செய்கிறது என்பதை இந்த இடத்தில் சொல்லுங்கள். மண்டையில் நிற்கும்.

இரண்டாவது பாடவேளையை நுண்ணிலைக் கற்பித்தலுக்கு, அதாவது சின்னப் பாடம் ஒன்றை நடத்திப் பழகுவதற்கு, வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் வகுப்புக்கு ஒரு சின்னப் பாடம்: வகுப்பு விதிகளைப் பிள்ளைகளே எழுதுவது. கேட்க எளிது. செய்து பார்த்தால்தான் சிக்கல் தெரியும். ‘பேசினா முட்டி போடணும்’, ‘லேட்டா வந்தா பத்து தோப்புக்கரணம்’ என்று நம்மைவிடக் கறாராகப் பிள்ளைகளே எழுதுவார்கள், பார்த்ததைத்தானே எழுத முடியும்? அதைச் சிரித்துக் கடந்துவிடாமல், ‘லேட்டா வர்றவங்க ஏன் லேட்டா வர்றாங்க?’ என்று கேட்கப் பழக்குங்கள். தம்பியைக் கிளப்பிவிட்டு வந்தேன், குழாயில் தண்ணீர் வரக் காத்திருந்தேன் என்று பதில்கள் வரும். விதியைப் பிள்ளைகளே மாற்றி எழுதுவார்கள். உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, குழந்தையின் கருத்துக்குக் காது கொடுக்கும் பிரிவு, இவ்வளவுதான்.

இங்கே ஒரு தவறு வழக்கமாக நடக்கும். ‘கடமையைச் செய்தால்தான் உரிமை’ என்று கரும்பலகையில் எழுதிவிடுவார்கள். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைக்கும் அடிபடாமல் இருக்கும் உரிமை உண்டு. கடமையைத் தனிப் பாடமாக நடத்தட்டும், தாராளமாக. உரிமைக்கு அதை விலையாக வைக்க வேண்டாம்.

மூன்றாவதுதான் முக்கியம், மற்றதைக் குறைத்தாவது இதற்கு நேரம் கொடுங்கள். உரிமையைப் பற்றி உண்மையாகப் பாடம் நடத்தினால், பாடம் முடிந்ததும் ஒரு பிள்ளை டேபிள் ஓரமாக வந்து நிற்கும். ‘மிஸ், ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லக் கூடாது.’ பாடம் நடத்திய இருபது வயது மாணவ ஆசிரியை என்ன சொல்வாள்? ‘சத்தியமா சொல்ல மாட்டேன்டா.’ அங்கேயே மாட்டிக்கொண்டாள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், 2012, பிரிவு 19இன்படி பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்த எவரும் காவல் துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். ‘நான் பயிற்சிக்கு வந்தவள்தானே’ என்பது செல்லாது. தலைமையாசிரியரிடம் சொன்னதோடு பொறுப்பு தீர்ந்துவிடவும் இல்லை. தெரிவிக்காமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

அதனால் பதிலை வாய்விட்டே பழக்குங்கள். ‘நீ சொன்னது நல்லது. உன் மேல தப்பே இல்ல. உனக்கு உதவி செய்யறவங்ககிட்ட மட்டும் நான் சொல்லியாகணும்.’ இருவர் இருவராக உட்கார்ந்து, குரல் நடுங்காமல் வரும்வரை சொல்லிப் பார்க்கட்டும். துருவித் துருவிக் கேட்கக் கூடாது, விசாரணை அவர்கள் வேலையில்லை. பிள்ளை சொன்ன சொற்களிலேயே அன்றே குறித்து வைக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ எப்போது அழைப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். குழந்தைத் திருமணப் பேச்சு, வேலைக்கு அனுப்பப்போகிறார்கள் என்ற பேச்சு எல்லாவற்றுக்கும் அந்த எண்தான்.

நான்காவதைப் பயிற்சிக்குப் போய் வந்த பிறகு வையுங்கள். ‘இந்தாங்க டீச்சர், இது இல்லாட்டி அடங்க மாட்டாங்க’ என்று வழிகாட்டி ஆசிரியர் நீட்டும் குச்சியை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். இருபது வருஷ அனுபவசாலியிடம் பிரிவு 17ஐ ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். உள்மதிப்பீடு அவர் கையில் இருக்கிறது, பாவம் மாணவ ஆசிரியர்கள், பயப்படத்தான் செய்வார்கள். வாங்கி பீரோ மேல் வைத்துவிட்டு வகுப்பை நடத்தலாம். ஆனால் குச்சியில்லாமல் நாற்பது பிள்ளைகளை அமைதிப்படுத்த ஒரு வழியாவது தெரிந்திருக்க வேண்டும்: கைதட்டல் தாளம், பாதியில் நிறுத்தும் கதை, குரலைத் தாழ்த்திப் பேசுவது. அது கைவரவில்லை என்றால், மூன்றாம் நாள் பீரோ மேலிருந்து குச்சி தானாக இறங்கி வந்துவிடும். அதைப் பழக்கும் வேலை உங்கள் நான்கு பாடவேளைக்குள் அடங்காது. வகுப்பறை மேலாண்மை எடுக்கும் சக விரிவுரையாளரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள்.